ஒரே கடைக்கு முப்பது முறை

வேலைக்காகச் சென்னைக்கு வந்து அறை எடுத்திருக்கும் இளைஞர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: ஊரைச் சுற்றிப் பாருங்கள். இந்த வாரம் மயிலாப்பூர், அடுத்த வாரம் சௌகார்பேட்டை, எந்தக் கடையில் எது பேர்போனது என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக முடித்துவிடுங்கள். பட்டியலைக் குறை சொல்ல வரவில்லை. 1948 முதல் நடக்கும் ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லியைத் தொடாமலே திருவல்லிக்கேணியில் இரண்டு வருடம் குடியிருந்தேன் என்று சொல்பவரை நானும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆனால் அது ஊர் பார்க்கும் வேலை. குடியிருக்கிற பகுதியைத் தெரிந்துகொள்ளும் வழி வேறு, கொஞ்சம் சுவாரசியம் குறைந்ததும்கூட. முப்பது கடைக்கு ஒருமுறை போவதற்குப் பதில் ஒரே கடைக்கு முப்பது முறை போக வேண்டும். எப்படியும் செலவாகப் போகிற சில்லறைக் காசை முதல் மூன்று மாதம் சிதறவிடாமல் நாலைந்து கடைகளிலேயே செலவழித்தால், அந்தப் பகுதியில் உங்களுக்கு இருக்கும் ‘புது ஆள்’ என்ற பெயர் போய்விடும். அது ஏன் அவ்வளவு முக்கியம், எப்படிச் செய்வது, எதிர்த்துச் சொல்லப்படுவதில் எதெல்லாம் நியாயம் என்பதே இந்த அத்தியாயம்.

கடைக்காரருக்குத் தெரிந்த சங்கதிகள் இரண்டு வகை. மழை பெய்தால் இந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா, மெட்ரோ வாட்டர் லாரி எந்தக் கிழமை வரும், கரண்ட் போனால் எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதெல்லாம் முதல் வகை. ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு யார் கேட்டாலும் சொல்வார்கள். வீடு பார்க்கப் போகும்போது புரோக்கரிடம் கேட்பதற்கு முன் தெருமுனை டீக்கடையில் கேட்க வேண்டியவை இவை. அந்த வீடு வாடகைக்குப் போனாலும் போகாவிட்டாலும் டீ மாஸ்டருக்கு லாபமோ நஷ்டமோ இல்லை. அதனால் மறைக்கவும் ஒன்றும் இல்லை. இரண்டாவது வகை, ஆட்களைப் பற்றியது. எந்த பிளம்பர் பேசிய காசுக்கு மேல் கேட்கமாட்டார், எந்த டாக்டர் தேவையில்லாமல் டெஸ்ட் எழுதமாட்டார், எந்த வீட்டு ஓனர் காலி பண்ணும்போது பெயிண்ட் செலவு, குழாய் ரிப்பேர் என்று அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார். இதைச் சொல்கிறவருக்கு இதில் ஆபத்து உண்டு. அந்த ஓனரும் அதே கடையில்தான் அரிசி வாங்குகிறார். நீங்கள் போய் ‘கடைக்காரர்தான் சொன்னார்’ என்று உளறினால் ஒரு வாடிக்கை போச்சு. நாளைக்கும் வருவார், நாளன்றைக்கும் வருவார், வாயைக் காப்பார் என்று தெரிந்தவரிடம் மட்டுமே அந்தப் பேச்சு எழும். இதன் மதிப்பைக் காசாகவே பார்க்கலாம். சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு மாதிரி ஒப்பந்தம்’ என்ற சந்து வழியாகப் பழைய வழக்கம் இன்னும் நடமாடுகிறது. வாடகை 12,000 ரூபாய் என்றால் உங்களுடைய 1,20,000 ரூபாய் ஒருவர் கையில் இருக்கும். அது திரும்பி வருமா என்பதற்கு எந்தச் செயலியிலும் நட்சத்திரக் குறி கிடையாது.

பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத் திருவல்லிக்கேணி நல்ல இடம். பல தலைமுறையாகத் தனியாள் ஆண்கள் வந்து தங்கும் மேன்ஷன்கள் அங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. (பெண்களுக்கு அந்த வசதியை அந்தப் பேட்டை செய்து தரவில்லை; அவர்கள் ஹாஸ்டலுக்குத்தான் போக வேண்டியிருந்தது.) மேன்ஷன் அறை என்பது ஒரு கட்டில், ஒரு அலமாரி, சுவரில் நாலு ஆணி. சமைக்க முடியாது, துணி காயப்போட இடம் போதாது, வந்தவரை உட்கார வைக்க நாற்காலி இருக்காது. அதனால் வீட்டுக்குள் நடக்க வேண்டியதெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. சாப்பாடு மெஸ்ஸில், அரட்டை டீக்கடையில், படிக்கப் பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகள், காய்கறிக்கும் பழத்துக்கும் ஜாம்பஜார். டோக்கன் வாங்கி, உள்ளே இருப்பவர் எழுந்திருக்கும்வரை வாசலில் நின்று சாப்பிடும் மெஸ்கள் அங்கே இன்றும் உண்டு. வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் வித்தியாசம் தெரியும். புதிதாக வந்தவர் போர்டைப் படிக்கிறார். தினமும் வருகிறவர் போர்டைப் பார்ப்பதே இல்லை. பரிமாறுகிறவர் அவர் இலையில் கேட்காமலே கூட்டை இன்னொரு கரண்டி வைக்கிறார், மோரைக் கேட்காமலே தவிர்க்கிறார். விலை இருவருக்கும் ஒன்றுதான். காய்ச்சலில் நாலு நாள் வராமல் இருந்தால் ‘எங்கே ஆளைக் காணோம்’ என்ற கேள்வி அந்த இரண்டாமவரைப் பற்றி மட்டுமே எழும். ஊரில் அம்மாவுக்கு அடுத்தபடியாக அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருப்பது, தனியாக இருப்பவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அப்படியொரு கேள்வி உயிர் காக்குமா என்றால், காக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைப் பற்றி 2002-இல் புத்தகம் எழுதிய சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். நார்த் லாண்டேலிலும் சவுத் லாண்டேலிலும் ஏழைகள் அதிகம், தனியாக வாழும் முதியவர்களும் அதிகம். வெயிலும் ஒரே வெயில்தான். ஆனால் வடக்கில் இறப்பு விகிதம் தெற்கைவிடப் பல மடங்கு. அவர் சுட்டிக்காட்டிய காரணங்களில் முக்கியமானது தெரு. தெற்கில் கடைகள் நெருக்கமாக இருந்தன, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்தார்கள், குளிர்சாதனம் உள்ள கடைக்குள் கொஞ்சம் நின்றார்கள். வடக்கில் கடைகள் மூடிப்போய், காலி மனைகளுக்கு நடுவே பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, பால் விநியோகம் தடுமாறியது. கையில் காசில்லாமல் போனில் மட்டுமே பணம் வைத்திருந்தவர்கள் அன்று என்ன செய்திருப்பார்கள்? முகம் தெரிந்த கடையில் ‘அப்புறம் தரேன்’ என்று சொல்லி வாங்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் அந்த நாலு நாளும் ஒன்றாக இருந்திருக்காது. அதே நாட்களில் அரை லிட்டர் பால் பாக்கெட்டை அச்சிட்ட விலையைப்போல் பல மடங்குக்கு விற்றவர்களும் கடைக்காரர்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த மாதம் முழுக்கத் தினமும் எதிரே வந்து நிற்கப் போகிறவரிடம் அப்படி விற்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன்.

இனி நடைமுறைக்கு வரலாம். கடையைத் தேர்ந்தெடுக்கச் சுவையையும் விலையையும் முதலில் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ உங்கள் அறைக்கு நடந்து வரும் பாதையில் இருக்கிற கடைகள்தான் நிலைக்கும். இரண்டு தெரு தள்ளி இன்னும் நல்ல கடை இருக்கலாம். மழை நாளில் போகமாட்டீர்கள், அலுத்துப்போய் வரும் நாளில் போகமாட்டீர்கள், ஒரு மாதத்தில் விட்டுப்போகும். அந்தப் பாதையில் ஒரு மளிகைக் கடை, ஒரு காய்கறிக் கடை அல்லது தள்ளுவண்டி, ஒரு டீக்கடை அல்லது மெஸ், ஒரு மருந்துக் கடை, ஓர் அயர்ன் கடை இருந்தால் போதும். வீட்டில் குழாய், வயரிங் என்று வேலை இருந்தால் ஒரு ஹார்டுவேர் கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் காலையில் சாமான் வாங்க வந்து நிற்பது அங்கேதான், யார் தரமான சாமான் கேட்கிறார், யார் மட்டமானதை வாங்கிப் போகிறார் என்பதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தினமும் பார்க்கிறார்.

நேரம் பார்த்துப் போவது பாதி வித்தை. காலையில் கடை திறந்ததும் போணி ஆகாத நேரத்தில் 500 ரூபாய்த் தாளை நீட்டுவது, பேரம் பேசுவது, ‘அப்புறம் தரேன்’ என்பது மூன்றும் கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மளிகைக் கடையில் நாலு பேர் ஒரே சமயத்தில் சொல்லச் சொல்ல ஒருவரே எடுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். அப்போது கேள்வி கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். பேச்சுக்கு ஏற்றது பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் அது வாய்க்கும், அதனால் வாரத்தில் ஒரு சாமானையாவது சனிக்கிழமை மதியத்துக்கு ஒதுக்கி வையுங்கள். எப்படிக் கூப்பிடுவது என்று குழம்ப வேண்டாம். முதல் வாரம் மற்றவர்கள் கூப்பிடுவதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணாச்சி என்றால் அண்ணாச்சி, பாய் என்றால் பாய், பூ விற்கிறவர் அக்காவா ஆயாவா என்பதை அவர் வயதைவிடப் பக்கத்துக் கடைக்காரர் வாய்தான் சரியாகச் சொல்லும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். ‘இங்கே என்ன விசேஷம்’ என்று கேட்டால் சிரிப்பார்கள். ‘இந்த வாரம் ஏன் கொத்தமல்லி இப்படி விலை ஏறியிருக்கு?’ என்று கேட்டால் கோயம்பேட்டுக்கு எத்தனை மணிக்குப் போகிறார், எங்கே மழை, எந்த ஊர் வரத்து நின்றுபோச்சு என்று பத்து நிமிடம் ஓடும்.

அயர்ன் கடையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் கவனிப்பதில்லை. மரத்தடியிலோ அடுக்குமாடியின் வாசலிலோ ஒரு தள்ளுவண்டி, மேலே விரித்த பழைய போர்வை, கரி போட்ட கனத்த பெட்டி. இப்போது பலரிடம் கேஸ் பெட்டி. துணி மூட்டையில் பெயர் எழுதியிருக்காது. எந்தச் சட்டை எந்த வீட்டுச் சட்டை என்று காலரைப் பார்த்தே சொல்வார். தெருவில் எந்த வீடு காலியாகப் போகிறது என்பது ‘டூ லெட்’ போர்டு தொங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்; மூட்டை வருவது நின்றால் ஆள் ஊருக்குப் போயிருக்கிறார் என்பதும் தெரியும். ஒரு மாதம் கணக்கு நேராக இருந்தால், கூரியர்காரர் உங்கள் பார்சலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அறை நண்பருக்குச் சாவியை அவரிடம் விட்டுச் செல்லலாம். இந்தச் சேவை எதற்கும் கட்டணம் இல்லை என்பதாலேயே அதை எல்லை மீறிக் கேட்காமல் இருப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு.

எதிர்ப்பேச்சுகளில் முதலில் வருவது விலை. பத்து நிமிட டெலிவரி செயலியிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் சில சாமான்கள் தெருக்கடையைவிட மலிவு. இதை மறுப்பவர் கணக்குப் பார்க்காதவர். எண்ணெய், சோப்பு, துவரம் பருப்பு என்று மாதச் சாமானை எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள். ஆனால் ஒற்றை ஆளுக்குப் பாக்கெட் அளவு ஒத்துவருவதில்லை. கால் கிலோ பாக்கெட்டில் பாதி அழுகிப் போனால் தள்ளுபடி எங்கே போனது? 10 ரூபாய்க்குத் தக்காளி, அரை மூடித் தேங்காய், ஒரே ஒரு எலுமிச்சம்பழம், 50 கிராம் சீரகம், கொசுறாகக் கறிவேப்பிலை என்று தருவதற்குத் தெருக்கடைதான் இருக்கிறது. விலை ஏறுவதற்கான காரணமும் அங்கே சேர்ந்தே கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த நாட்களில் பெரிய மீன் எங்கிருந்து வருகிறது, எது ஐஸில் கிடந்தது, நாட்டுப் படகுக்காரர் கொண்டுவந்தது எது என்பதைச் சிந்தாதிரிப்பேட்டையிலோ சைதாப்பேட்டையிலோ மீன் விற்கும் அக்கா, அடிக்கடி வாங்குபவருக்குச் சொல்லிவிடுவார். புதியவர் கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது, அதை லேசாகத் தாண்டிப்போகக் கூடாது. நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருப்பது என்றால் நாலு பேர் கண் நம் மேல் இருப்பது என்றும் பொருள். ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறாள், கூட வந்தவன் யார், என்ன கறி வாங்கினார்கள் என்பதெல்லாம் தெருவில் பேச்சாகும். ‘எந்த ஊர் தம்பி’ என்ற கேள்விக்குப் பின்னால் ‘எந்தத் தெரு, என்ன ஆளுங்க’ என்ற கேள்வி நிற்பது எல்லோருக்கும் தெரியும். சாதியின் பெயரால் வீடு மறுக்கப்பட்டவருக்கும் கண்காணிப்பு தாங்காமல் ஊரை விட்டு வந்த பெண்ணுக்கும் செயலியின் முகமில்லாத தன்மை ஒரு விடுதலை. அதை விட்டுக்கொடுங்கள் என்று எந்த வழிகாட்டியும் சொல்லக் கூடாது. சொல்லக்கூடியது அளவைப் பற்றித்தான். நியூயார்க்கின் தெருக்களைப் பற்றி 1961-இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், அங்கே மக்கள் வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் விட்டுச் செல்வதைக் கவனித்தார். பக்கத்து வீட்டாரிடம் விடாமல் கடைக்காரரிடம் விட்டதற்கு, பொறுப்பும் வேண்டும், நம் சொந்த விவகாரத்தில் மூக்கை நுழைக்காதவராகவும் இருக்க வேண்டும் என்பதே காரணம் என்று அவர் விளக்கினார். நல்ல கடைப் பழக்கம் கவுண்டர் அளவில் நிற்கும். அதைத் தாண்டி வீட்டுக்குள் வராது. ஆகவே பலதரப்பட்ட ஆட்கள் வந்து போகும் மெயின் ரோட்டுக் கடையைப் பிடியுங்கள், வீட்டு ஓனருக்கு நெருக்கமானவர் கடையை விடுங்கள். உங்களைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு மழையைப் பற்றிப் பேச்சை மாற்றுவது சென்னையில் எல்லோரும் புரிந்துகொள்ளும் பாஷை. சானிட்டரி நாப்கினைக் கேட்காமலே செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தரும் மருந்துக் கடைகள் இன்னும் நிறைய. எதை எங்கே வாங்கினால் சங்கடம் இல்லையோ அங்கே வாங்குங்கள். இவ்வளவு செய்தும் பேச்சு நிற்காத தெருக்கள் இருக்கின்றன. அங்கே என் வாதம் செல்லாது.

தெருக்கடைக்காரர் எல்லோரும் நல்லவர் என்ற எண்ணத்தில் இது எழுதப்படவில்லை. எடையில் குறைப்பவரும், குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வாங்குபவரும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். நல்ல சரக்கு நியாய விலையில் வேண்டும் என்றால் கடையை நாமே நடத்துவோம் என்று 1904-இல் திருவல்லிக்கேணிக்காரர்கள் நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள்; இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்றான அதை உருவாக்கியவர்களில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். பழக்கம் வேறு, குருட்டு நம்பிக்கை வேறு என்பது அந்தப் பேட்டைக்கு அன்றே தெரிந்திருக்கிறது. முதல் மாதம் எடையைச் சரிபாருங்கள். கணக்கு நோட்டு வைத்தால் அதே கணக்கை உங்கள் போனிலும் எழுதுங்கள். கடைப் பையன்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்றும் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. நாற்காலி கண்ணில் படாத ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பவர் உங்கள் வயதுக்காரராகவே இருப்பார். தள்ளுவண்டிக்காரர்களுக்கும் 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. கணக்கெடுப்பு முடியும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பது அதில் உண்டு. பழகிய வண்டி ஒருநாள் அந்த இடத்தில் இல்லாமல் போனால், ஏன் என்று விசாரிக்க அந்தச் சட்டம் தெரிந்திருப்பது உதவும்.

இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கோ வேறு கம்பெனிக்கோ போய்விடுவேன், இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: பழக்கம் ஏற்பட இரண்டு வருடம் ஆகாது. தினமும் ஒரு டீ என்றால் மூன்றாவது வாரத்தில் ‘சக்கரை கம்மிதானே’ என்று அவரே கேட்டுவிடுவார். தமிழ் சரளமாக வராத வெளிமாநிலத்தவருக்கும் இதுவே மலிவான மொழி வகுப்பு. எண்களும் காய்கறிப் பெயர்களும் முதல் மாதத்திலேயே வாயில் வந்துவிடும். ஒரு வருடம் முழுக்க இருந்தால் பேட்டையின் காலண்டரும் பிடிபடும். மார்கழியில் எந்தக் கோயிலில் காலைப் பொங்கல், நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடை எப்போது விரிப்பார்கள், ரம்ஜானில் நோன்புக் கஞ்சி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கடைப் பேச்சில் வருபவை. திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய வாலாஜா மசூதியில், மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக நோன்பு திறப்பதற்கு உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். இது நடக்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு, நாலு வருடம் கழித்து எங்கோ படித்துத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

அந்தப் பகுதியை விட்டுப் போகும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம். மளிகைக் கடைப் பாக்கியையும் அயர்ன் கணக்கையும் மாதக் கடைசிவரை இழுக்காமல் ஒரு வாரம் முன்பே தீர்த்துவிடுங்கள். உங்கள் பெயருக்கு வரும் கூரியரை இனி வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறைக்கு வரப்போகும் புதியவரைத் தெரியுமானால் ஒருநாள் கூட்டிப் போய் முகம் காட்டிவிடுங்கள். பிறகு, எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள் என்பதை மளிகைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து கடை வைத்தவர்களுக்குச் சென்னையின் பல பகுதிகளிலும் சொந்தக்காரர்களோ, ஒருகாலத்தில் அதே கடையில் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவர்களோ இருப்பது வழக்கம். கடையின் பெயரையும் தெருவையும் கேட்டு எழுதிக்கொண்டு, புது அறைக்குச் சாமான் இறக்கிய அன்றே அங்கே போய் யார் அனுப்பினார் என்று சொல்லுங்கள்.